பக்கத்து வீட்டுப் பாட்டி தந்த நாஜிக் காலத்து எஸ்.ஏ. குத்துவாள்: வைத்துக்கொள்ளலாமா, இன்னொன்று வாங்கலாமா?

ஜெர்மனியின் ரூர் பகுதியில் 11 வருடமாக வேலை பார்க்கும் ஒரு பொறியாளர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அப்பா ஊரில் இரும்புக்கடை வைத்திருந்தவர். சின்ன வயதிலிருந்தே கத்தி, அரிவாள், பழைய பூட்டு என்றால் இவருக்குப் பிரியம். பக்கத்து வீட்டில் 90 வயது தாண்டிய ஒரு ஜெர்மன் பாட்டி தனியாக இருந்திருக்கிறார். இவரும் மனைவியும்தான் அவருக்குக் காய்கறி, மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். முதியோர் இல்லத்துக்குப் போகும் முன் அந்தப் பாட்டி நிலக்கரி வைக்கும் நிலவறையிலிருந்து எண்ணெய்த்துணி சுற்றிய ஒரு பொருளை எடுத்துவரச் சொல்லி, "இது அப்பாவுடையது. பாவம், வேலைக்காகக் கட்டாயப்படுத்திச் சேர்த்தார்கள். நீ வைத்துக்கொள்" என்று கையில் கொடுத்திருக்கிறார். பழுப்பு மரக் கைப்பிடி, அதில் ஸ்வஸ்திக்கைப் பிடித்த கழுகுச் சின்னம், அலகின் முன்பக்கம் 'ஆலஸ் ஃப்யூர் டாய்ச்லாண்ட்' ('எல்லாம் ஜெர்மனிக்காக') என்ற எழுத்து, பின்பக்கம் யாரோ அரம் வைத்துத் தேய்த்த மாதிரி ஒரு மங்கலான பட்டை. குறுக்குத் துண்டில் வெஸ்ட்ஃபாலன் என்ற வட்டாரப் பெயரின் சுருக்கமாக இரண்டு எழுத்து. பாட்டி இப்போது இல்லை. அவருடைய அண்ணன் மகன் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறார்.

அதைப் பற்றித் தேடப்போய், தன்னிடம் இருப்பது 'சேதமான' ஒன்று, சேதமாகாதது மிக அரிது என்று தெரிந்துகொண்டிருக்கிறார். ஒரு தனிநபர் பின்பக்க எழுத்தும் அழியாமல் முழுசாக இருக்கும் ஒன்றை 4,800 யூரோவுக்குத் தருவதாகச் சொல்ல, 500 யூரோ முன்பணமும் அனுப்பிவிட்டார். இப்போது மனைவி, "இந்தச் சின்னம் இருக்கிற பொருள் வீட்டில் இருக்கக் கூடாது" என்கிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், "அப்பா, அந்தத் தாத்தா யாரையாவது கொன்றாரா?" என்று கேட்டிருக்கிறாள். வைத்திருப்பது குற்றமா, புதியதை வாங்கலாமா, ஸ்வஸ்திக்கை மறைத்துவிட்டுச் சேகரிப்பாளர் குழுவில் படம் போடலாமா, விடுமுறையில் ஊருக்கு எடுத்துப்போய்த் தம்பியிடம் கொடுக்கலாமா, அண்ணன் மகன் திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டுமா என்பதெல்லாம் அவருடைய கேள்விகள். ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருப்பதையும் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு சொல்லைத் திருத்திவிடுகிறேன். கடிதம் முழுக்க 'போர்க்காலக் கத்தி' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது போருக்குச் செய்யப்பட்ட ஆயுதம் இல்லை. நாஜிக் கட்சியின் அடியாட்படையான எஸ்.ஏ.வுக்குச் சீருடையோடு சேர்த்து இடுப்பில் தொங்கவிட 1933 டிசம்பரில் அங்கீகரிக்கப்பட்ட குத்துவாள் இது. போர் தொடங்க இன்னும் ஐந்தரை வருடத்துக்கு மேல் இருந்த காலம். வடிவம் அதைவிடப் பழையது, 16-ஆம் நூற்றாண்டுச் சுவிட்சர்லாந்தின் 'ஹோல்பைன் குத்துவாள்' என்று சொல்வார்களே, அதைப் பார்த்துச் செய்தது. எஸ்.ஏ.வுக்குப் பழுப்புக் கைப்பிடி. நாஜிகளின் இன்னொரு படையான எஸ்.எஸ்.ஸுக்கு அதே வடிவம்தான், கறுப்புக் கைப்பிடியும் 'விசுவாசமே என் மானம்' என்ற வாசகமும். பெரும்பாலும் சோலிங்கன் நகரத்துப் பட்டறைகள் செய்தவை. உறுப்பினர்கள் சொந்தக் காசு கொடுத்துதான் வாங்கினார்கள், விலை சுமார் 7 மார்க்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், 'போர்க்காலம்' என்று சொன்னதும் படைவீரன், எல்லை, கடமை என்று மனம் ஒரு பக்கம் போய்விடுகிறது. இந்தக் கத்தியை இடுப்பில் கட்டியவர்கள் நின்ற இடம் போர்முனை இல்லை. தங்கள் ஊர்த் தெருவில், பக்கத்து வீட்டுக்காரரின் கடை வாசலில் நின்றார்கள்.

அந்த 4,800 யூரோ

வாங்காதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் அதை நம்பகத்துக்கு ஆதாரமாக எழுதியிருப்பதுதான் எனக்கு வருத்தம்.

1934 பிப்ரவரியில் எஸ்.ஏ. தலைவர் ஏர்ன்ஸ்ட் ரோஹ்ம், பழைய உறுப்பினர்களைக் கௌரவிக்கத் தன் கையெழுத்தைப் பொறித்த குத்துவாள்களைக் கொடுத்தார். அலகின் பின்பக்கம் 'உளமார்ந்த நட்புடன், ஏர்ன்ஸ்ட் ரோஹ்ம்' என்று ஜெர்மனில், அவருடைய கையெழுத்து வடிவிலேயே அமிலத்தால் அரித்து எழுதியிருக்கும். 1931 டிசம்பர் 31-க்கு முன்பே சேர்ந்தவர்களுக்குத்தான் அது. ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். நான்கைந்து மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 30 அன்று ஹிட்லர் பாட் வீஸ்ஸே என்ற ஊருக்கு நேரே போய் ரோஹ்மைத் துரோகி என்று கைது செய்தார். ஜூலை 1 அன்று மியூனிக் ஸ்டாடெல்ஹைம் சிறையில் ரோஹ்மைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த இரண்டு மூன்று நாளில் கொல்லப்பட்டவர்கள் பெயர் தெரிந்த வரைக்குமே 85 பேர். செத்தவனின் பெயர் கத்தியில் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சிலர் பட்டறைக்கு அனுப்பித் தேய்த்தார்கள், சிலர் வீட்டிலேயே அரம் வைத்துத் தேய்த்தார்கள், இன்னும் சிலர் 'உளமார்ந்த நட்புடன்' என்பதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அழித்தார்கள். அதனால்தான் எழுத்து முழுசாக இருப்பது அரிது, அரிது என்பதால் விலை, விலை இருப்பதால் போலி.

சரி, விற்பவர் காட்டும் கத்தியில் அலகின் மேல் 'ஆர்.இசட்.எம். எம்7/66' என்ற முத்திரை இருக்கிறது, "கட்சியின் அதிகாரப்பூர்வ முத்திரையே இருக்கிறது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆர்.இசட்.எம். என்பது கட்சிப் பொருள்களின் தரத்தையும் உற்பத்தியையும் கட்டுப்படுத்திய மியூனிக் அலுவலகம். 'எம்7' கத்தி வகையைக் குறிக்கும், 66 என்பது கார்ல் ஐக்ஹார்ன் நிறுவனத்தின் எண். எல்லாம் உண்மையான குறியீடுகள்தான். ஆனால் இந்த எண்கள் கத்தி அலகில் வர ஆரம்பித்ததே 1935, 36 வாக்கில். அதற்கு முன் பட்டறைகள் தங்கள் சொந்தச் சின்னத்தைத்தான் பொறித்தன, ஐக்ஹார்ன் என்றால் ஓர் அணில். ரோஹ்ம் செத்து ஒரு வருடத்துக்கும் மேல் கழிந்தபின் வந்த முத்திரையும், உயிரோடு இருந்தபோது அவர் கொடுத்த கையெழுத்தும் ஒரே அலகில் எப்படிச் சேரும்? கத்தி பழையதாகவே இருக்கலாம், அந்த எழுத்து பிறகு யாரோ எழுதியது. அமெரிக்கப் படைவீரரின் பேரன் எழுதியதாக ஒரு கடிதத்தின் நகலைக் காட்டுகிறார் என்றீர்கள். அமெரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்கில் இவற்றை நினைவுப்பொருளாக எடுத்துப்போனது நிஜம், அதனாலேயே போலி விற்கிற ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு கடிதம் இருக்கிறது. போருக்குப் பின் சோலிங்கனில் மிச்சம் கிடந்த பாகங்களைப் பொருத்தி விற்ற கத்திகளும் சந்தையில் உண்டு. பாகம் எல்லாம் அசல், கத்தி மட்டும் அசல் இல்லை. இந்தத் துறையில் பல வருடம் இருப்பவர்களே அங்கே ஏமாந்திருக்கிறார்கள், நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முன்பணத்துக்கு வருவோம். "தனிநபர் விற்பனை, திருப்பி எடுக்க மாட்டேன்" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறாரே, அதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள். முடியவில்லை. அதே விளம்பரத்தில் '1934 அசல், எழுத்து முழுமை' என்றும் எழுதியிருக்கிறார். விற்பவர் தானே உறுதியாகச் சொன்ன ஒரு தன்மை பொருளில் இல்லை என்றால், பொதுவாகப் போடும் பொறுப்புத் துறப்பு வரி அவரைக் காப்பாற்றாது. ஜெர்மன் நீதிமன்றங்கள் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. தெரிந்தே ஏமாற்றினார் என்று காட்ட முடிந்தால் சிவில் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் ஒப்பந்தத்தையே செல்லாது ஆக்கலாம், ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டும். ஆனால் உடனே "நீ மோசடிக்காரன்" என்று எழுத வேண்டாம், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். விளம்பரத்தை இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைக்கும் எழுத்துக்கும் காலம் பொருந்தவில்லை, வாங்குவதிலிருந்து விலகுகிறேன், 14 நாளுக்குள் 500 யூரோவைத் திருப்பி அனுப்புங்கள் என்று பதிவுத் தபாலில் அமைதியாக நான்கு வரி எழுதுங்கள். பதில் வராவிட்டால் அப்புறம் வக்கீல் மூலம் பேசிக்கொள்ளலாம். ஒருவேளை ஆசை மீறி வாங்கிவிட்டு, பிறகு இன்னொருவருக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இதைப் படித்தபின் விற்றால் ஏமாற்றியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

சட்டத்தில் எது குற்றம்

வீட்டுக்குள் வைத்திருப்பது குற்றம் இல்லை. மனைவியின் பயத்தில் அந்தப் பகுதியை நீங்கள் தீர்த்துவைக்கலாம். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு தண்டிப்பது, தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் அடையாளங்களைப் பொதுவெளியில் பயன்படுத்துவதையும் பரப்புவதையும், அதற்காகவே தயாரித்துச் சேர்த்து வைப்பதையும். தண்டனை அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை. கல்வி, ஆராய்ச்சி, கலை, வரலாற்றை எடுத்துச்சொல்வது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் அந்த நோக்கத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்று எழுதி வாங்குவது இதனால்தான்.

படம் போடுவதைப் பற்றி. கழுகின் காலடியில் இருக்கும் சின்னத்தின் மேல் கறுப்புக் கட்டம் வைத்துவிட்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. அலகில் இருக்கும் அந்த மூன்று சொற்களே தடைசெய்யப்பட்ட அடையாளம், எஸ்.ஏ.வின் முழக்கம் அது. தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சியின் டியூரிங்கன் மாநிலத் தலைவர் ப்யோர்ன் ஹெக்கெ ஒரு மேடையில் அந்த மூன்று சொல்லைச் சொன்னதற்காக 2024 மே மாதம் ஹாலெ நீதிமன்றம் அவருக்கு 13,000 யூரோ அபராதம் விதித்தது. அது எஸ்.ஏ. முழக்கம் என்று தெரியாது என்றார், அவர் வரலாற்று ஆசிரியராக இருந்தவர், நீதிமன்றம் ஏற்கவில்லை. நீங்கள் சொல்லும் குழுவில் 8,000 பேர் இருக்கிறார்கள். 'மூடிய குழு' என்று பெயர் இருப்பதால் அது உங்கள் வீட்டுக் கூடம் ஆகிவிடாது. அதன் வரலாற்றை விளக்கி உண்மையிலேயே ஒரு கட்டுரை எழுதினால் விஷயம் வேறு. "பாருங்கள், எனக்குக் கிடைத்தது" என்று இரண்டு படமும் ஒரு வரியும் போடுவது அந்த விலக்குக்குள் வராது.

"அது நம் ஸ்வஸ்திக்தானே, இந்தியர்களைக் கேட்க மாட்டார்கள்" என்று நண்பர்கள் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு வாசற்படியில் மஞ்சள் குங்குமத்தோடு இருக்கும் ஸ்வஸ்திக்கை யாரும் நாஜிச் சின்னம் என்று சொல்லப்போவதில்லை, அதன் சூழல் வேறு. கழுகின் நகத்தில் இருப்பது வேறு. அதைப் பிடித்திருப்பவரின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று சட்டம் பார்ப்பதில்லை.

இன்னும் ஒன்று, இதுதான் உங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து. 2024 ஜூன் 27 முதல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்தின்படி, நாஜி ஆட்சியின் அநீதிக்கும் அதன் விளைவுகளுக்கும் ஜெர்மனிக்கு இருக்கும் வரலாற்றுப் பொறுப்பை, முக்கியமாக யூதர்களின் வாழ்வைக் காப்பதை, ஏற்கிறேன் என்று விண்ணப்பிப்பவர் உறுதி சொல்ல வேண்டும். அந்த உறுதியை மனதாரச் சொல்கிறாரா என்று அதிகாரிகள் பார்க்கலாம். 86ஏ-யில் ஒரு விசாரணை ஆரம்பித்தாலே உங்கள் கோப்பு நின்றுவிடும். 11 வருட உழைப்பை ஒரு படத்துக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

ஆயுதச் சட்டமும் இருக்கிறது. சுமார் 22 சென்டிமீட்டர் அலகு, இரு பக்கக் கூர், ஆக இது ஆயுதம். 18 வயது ஆனவர் வைத்துக்கொள்ளலாம், வெளியே கையில் எடுத்துப் போகக் கூடாது. எங்காவது கொண்டுபோக வேண்டும் என்றால் பூட்டிய பெட்டிக்குள்தான். 2024 ஆகஸ்டில் சோலிங்கனில் நடந்த ஊர்த்திருவிழாவில் மூன்று பேர் குத்திக் கொல்லப்பட்டபின் சட்டம் இன்னும் இறுகிவிட்டது, திருவிழா, சந்தை, கண்காட்சி போன்ற இடங்களில் கத்திக்கே தடை. பழைய பொருள் சந்தைக்கு எடுத்துப்போய் விலை கேட்கலாம் என்ற யோசனையை இதனால் விட்டுவிடுங்கள். வீட்டில் மகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், தெருவிலிருந்து ஜன்னல் வழியாகத் தெரியும் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள்.

தம்பிக்குக் கொடுப்பது நடக்காது. இந்திய ஆயுதச் சட்டத்தின் 2016 விதிகளில் வாளோடு குத்துவாளும் ஆயுதப் பட்டியலில் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவர உரிமம் வேண்டும். சென்னை விமான நிலையச் சுங்கத்தில் "அலங்காரப் பொருள்" என்று சொல்லிப் பார்க்க வேண்டாம்.

"எஸ்.ஏ. குற்ற அமைப்பு இல்லையே?"

கடிதத்தில் இந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன். எஸ்.எஸ். கத்தி என்றால் தொடவே மாட்டேன், எஸ்.ஏ. வெறும் தெருக்கூட்டம், போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பே அதைக் குற்ற அமைப்பு என்று சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பகுதி சரிதான். 1946-இல் வந்த தீர்ப்பு எஸ்.எஸ்., ரகசிய போலீஸான கெஸ்டாபோ, கட்சித் தலைமை ஆகியவற்றைக் குற்ற அமைப்பு என்றது, எஸ்.ஏ.வை அப்படி அறிவிக்கவில்லை. ஆனால் அதற்கு நீதிபதிகள் சொன்ன காரணத்தைப் பாருங்கள். 1934 வரை அது பெரும்பாலும் ரவுடிகளும் முரடர்களும் நிறைந்த கூட்டம் என்றே எழுதினார்கள். அந்த வன்முறை ஆக்கிரமிப்புப் போருக்கான திட்டத்தின் பகுதி என்று நிரூபணமாகவில்லை, 1934 ஜூனுக்குப் பிறகு அமைப்பே முக்கியத்துவம் இழந்துவிட்டது, எல்லா உறுப்பினர்களும் குற்றங்களில் பங்கெடுத்தார்கள் அல்லது அறிந்திருந்தார்கள் என்று பொதுவாகச் சொல்ல முடியாது என்பதுதான் அவர்கள் வாதம். அந்த நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வரவில்லை என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்வது ஒரு வக்கீலாக எனக்கு ஏற்க முடியாத வாசிப்பு. 1945 அக்டோபரிலேயே நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு எஸ்.ஏ.வைக் கலைத்துத் தடை செய்துவிட்டது.

1933 ஏப்ரல் 1 அன்று யூதர்களின் கடை வாசலில் நின்று "இங்கே வாங்காதே" என்று ஆட்களைத் தடுத்தது எஸ்.ஏ. பெர்லினுக்குப் பக்கத்தில் ஓரானியன்பர்க்கில் ஒரு பழைய மதுபான ஆலையை 1933 மார்ச்சில் சித்திரவதை முகாம் ஆக்கியது எஸ்.ஏ. அதே வருடம் ஜூனில் பெர்லின் கோபெனிக்கில் நூற்றுக்கணக்கான எதிர்க்கட்சிக்காரர்களை வீடு வீடாக இழுத்துப்போய் அடித்தார்கள், 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1938 நவம்பர் 9 இரவில் சினகாக் எனப்படும் யூதர்களின் தொழுகைக் கூடங்களைக் கொளுத்தியவர்களில் எஸ்.ஏ.காரர்கள் முன்னால் நின்றார்கள். அந்த நாள்களில் நாடு முழுக்க 1,400-க்கும் மேற்பட்டவை சேதமாகின. நீங்கள் ரூர் பகுதியில்தானே இருக்கிறீர்கள், டார்ட்முண்ட் ஓபரா அரங்கின் முன்னால் உள்ள சதுக்கத்தின் பெயரை அடுத்த முறை போகும்போது படியுங்கள், 'பழைய சினகாக் சதுக்கம்' என்று இருக்கும். அங்கே இருந்த பெரிய தொழுகைக் கூடத்தை நவம்பர் வரைக்கும்கூடக் காத்திருக்காமல் அந்த வருட இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எஸ்.எஸ். வேறு, எஸ்.ஏ. வேறு என்பதும் கத்தி விஷயத்தில் அவ்வளவு எளிதாகப் பிரியாது. ரோஹ்மைக் கொன்ற அந்தக் களையெடுப்பில் பங்கெடுத்த எஸ்.எஸ். ஆட்கள் சுமார் 200 பேருக்கு எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் நன்றியாகக் கொடுத்ததும் ஒரு குத்துவாள்தான். ரோஹ்மின் வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றி, 'உளமார்ந்த தோழமையுடன்' என்று தன் பெயரைப் பொறித்திருந்தார்.

இதையெல்லாம் உங்களைக் குற்றவாளி ஆக்கச் சொல்லவில்லை. பழைய இரும்பின் மேல் இருக்கும் பிரியம் எனக்குப் புரிகிறது. சோலிங்கன் கிராஃப்ராட்டில் இருக்கும் கத்தி அருங்காட்சியகத்தில் நானும் அரை நாள் மெய்மறந்து நின்றிருக்கிறேன். அதே ஊரில் 1993 மே மாதம் நவநாஜி எண்ணம் கொண்ட இளைஞர்கள் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள், ஐந்து பெண்களும் சிறுமிகளும் செத்தார்கள், கடைசிக் குழந்தைக்கு நான்கு வயது. நம்மைப் போல் இங்கே வந்து குடியேறிய குடும்பம். உங்கள் மனைவிக்கு அந்தச் சின்னத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குவது மூடநம்பிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஊரில் நம் நிறத்தோடு வாழ்கிற ஒருவருக்கு அது சரியான உணர்வு. வீடு அவருடையதும்தான், அவர் வேண்டாம் என்றால் அது கூடத்தில் இருக்கக் கூடாது, வேறு எங்கே என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன

'சேதமான' கத்தி என்று எழுதினீர்களே, அந்தத் தேய்ந்த பட்டையைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அலகில் பட்டறையில் போட்ட மெல்லிய கோடுகள் ஒரு திசையிலும், தேய்த்த இடத்துக் கோடுகள் இன்னொரு திசையிலும் போகலாம். சிலவற்றில் ஓரிரு எழுத்தின் சாயல்கூட மிஞ்சியிருக்கும். தயவுசெய்து மெருகு போடாதீர்கள், துருநீக்கி தடவாதீர்கள், எழுத்தைத் 'திரும்பக் கொண்டுவருகிறேன்' என்று யாராவது சொன்னால் கையிலேயே கொடுக்காதீர்கள். 1934 கோடையில் ஒரு மனிதன் தன் தலைவனின் பெயரை அரத்தால் தேய்த்த தடம் அது. நேற்று வரை நண்பன், இன்று துரோகி, நீயும் அழி என்றதும் அழித்திருக்கிறான். 4,800 யூரோ கத்தியில் இந்தச் சங்கதி இல்லை.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. தேய்த்தது ரோஹ்மின் எழுத்துதான் என்றால், இந்தக் கத்தியை வாங்கியவர் 1931 முடிவதற்குள் எஸ்.ஏ.வில் சேர்ந்தவர். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30. அதற்கு ஒரு வருடம் முன்பே சேர்ந்தவரை வேலையைக் காட்டிக் கட்டாயப்படுத்த அந்தக் கட்சி கையில் அரசு இல்லை. பாட்டி பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கு வீட்டில் சொல்லப்பட்டதை அவர் சொல்லியிருப்பார். கத்தி வேறொருவரிடமிருந்து அப்பாவுக்கு வந்திருக்கவும் வழி உண்டு, ஒரு பொருளை மட்டும் வைத்து மனிதனின் வாழ்க்கையைத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. குறுக்குத் துண்டில் இருக்கும் இரண்டு எழுத்து வெஸ்ட்ஃபாலன் பிரிவைச் சொல்கிறது, அது மட்டும் பாட்டியின் ஊரோடு ஒத்துப்போகிறது. மேலே தெரிய வேண்டும் என்றால் பெர்லினில் இருக்கும் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். கட்சி உறுப்பினர் அட்டைகளும், எஸ்.ஏ. ஆட்களின் கோப்புகளில் தப்பியவையும் அங்கே இருக்கின்றன. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் வேண்டும்.

அந்தத் தேதி அண்ணன் மகனிடம்தான் இருக்கும். அவரிடம் போக நீங்கள் பயப்படுவது கத்தியைத் திருப்பிக் கேட்டுவிடுவார் என்று. பாட்டி உயிரோடு, சுயநினைவோடு இருந்தபோது தன் கையால் கொடுத்துவிட்டார், ஒப்படைத்த நிமிடத்திலேயே அந்தப் பரிசு செல்லுபடியாகிவிட்டது, பத்திரப்பதிவு எதுவும் தேவையில்லை. வாரிசு கேட்டாலும் சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சாட்சி உங்கள் மனைவி ஒருவர்தான் என்பதால், "அத்தை இதை உங்களுக்குக் கொடுத்தது எனக்குத் தெரியும், ஆட்சேபம் இல்லை" என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கினால் பின்னால் தொல்லை இருக்காது. அதைவிட முக்கியம், அவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறார். பழைய ஆல்பம், பிஸ்கட் டப்பாவில் கிடக்கும் அடையாள அட்டை, கடிதம் எல்லாம் இந்த வாரம் குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். காகிதம் போய்விட்டால் கத்தி ஊமையாகிவிடும். சீக்கிரம் போங்கள்.

அவரிடம் 1931 விஷயத்தைச் சொல்வதா என்று கேட்பீர்கள். காப்பகத்திலிருந்து பதில் வரும் வரை ஊகத்தைச் சொல்ல வேண்டாம், அவர் அப்பாவின் அப்பா அது. பதில் வந்தபின் கேட்டால் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் வேண்டாம் என்று முடிவானால் விற்க அவசரப்படாதீர்கள். கத்தி என்பதால் சோலிங்கன் அருங்காட்சியகத்தைக் கேட்கலாம், அல்லது நகராட்சி ஆவணக் காப்பகத்தை. டார்ட்முண்டில் ஷ்டைன்வாஹெ என்று ஒரு நினைவிடம் இருக்கிறது, கெஸ்டாபோ பயன்படுத்திய பழைய போலீஸ் சிறை, அந்த நகரத்து மக்களின் எதிர்ப்பையும் அவர்கள் பட்ட பாட்டையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எடுத்ததும் கத்தியோடு போய் நிற்காதீர்கள், போன் செய்து, படமும் கிடைத்த கதையும் அனுப்புங்கள். எஸ்.ஏ. குத்துவாள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கலாம். உள்ளூர் மனிதரின் பெயரும் காகிதமும் சேர்ந்து வந்தால் கவனித்துப் பார்ப்பார்கள்.

மகளுக்கு என்ன சொல்வது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில், "தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறோம்." ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும். அவளை ஷ்டைன்வாஹெவுக்கு அழைத்துப்போங்கள், அனுமதி இலவசம்தான். காப்பகத்துக்கு எழுதும் கடிதத்தையும் அவளோடு உட்கார்ந்து எழுதுங்கள், உங்களைவிட அவளுடைய ஜெர்மன் நன்றாக இருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. முன்பணம் 14 நாளில் வராவிட்டால் விளம்பரத்தின் படத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.